வலியும் எண்ணமும்: ஒரு வைத்திய வரலாறு

உடைந்த எலும்பு கூடுவதற்கு இத்தனை வாரம் என்று வைத்தியர் கணக்குச் சொல்லிவிடுவர். ஆனால் அவ்வெலும்புக்கு உரியவன் எழுந்து நடமாட எத்தனை நாளாகும் என்பதை அவரால் அத்துணை எளிதில் சொல்லிவிட முடிவதில்லை. ஒரே சரிவில் ஒரே விதமாய் வழுக்கி விழுந்த இருவருள் ஒருவன் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறான். மற்றவனோ இரண்டு ஆண்டு சென்றும் பாயைவிட்டு எழுந்தபாடில்லை. எக்ஸ்ரே படத்தில் இருவர் முதுகும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடி மேனாட்டு வைத்திய உலகம் நடந்துவந்த வழியை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

தோட்டத்தில் செக்ரோல் எழுதும் நமக்கு இவ்வினா புதிதன்று. பெரட்டில் பெயர் சொல்லி அழைக்கும்போது விடை வராத பெயர்கள் சில எங்கும் உண்டு. அப்பெயர்களுக்கு நேரே நோய் என்று குறிப்பு விழும். வாரம் மாதமாகி, மாதம் ஆண்டாகும்போது, அக்குறிப்புக்கு ஊரார் வேறு பொருள் கற்பிக்கத் தொடங்குவர். “காயந்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன வலி? வேலைக்கள்ளன்!” என்பர். விழுந்தவனுக்கு இஃது இரண்டாம் அடி. முதலடி முதுகில் விழுந்தது. இரண்டாமடி மானத்தில் விழுகின்றது. இவ்விரண்டாம் அடி அறிவுக்கும் நீதிக்கும் ஒவ்வாதது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுமாதலின், உழைத்துப் பிழைக்கும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மணியும் கயிறும்

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்தில் வாழ்ந்த தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட் வலிக்கு ஓர் உவமை கூறினார். அவர் 1650-ஆம் ஆண்டில் இறந்தபின், 1664-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய நூலில் அது காணப்படுகிறது. கோயில் மணியின் கயிற்றைக் கீழே இழுத்தால் மேலே மணி ஒலிப்பதைப் போல, நெருப்பு காலைச் சுட்டவுடன் ஒரு நரம்பு இழை மூளைவரை இழுக்கப்படுகிறது. அங்கே வலி தோன்றுகிறது என்பது அவர் கருத்து.

உவமை அழகியதுதான். அதனால் விளைந்த பயனும் உண்டு; வலியை ஆவி, சாபம் முதலியவற்றினின்றும் பிரித்து உடலின் தொழிலாகக் காணும் வழியை அது திறந்தது. எனினும் அதனுள் ஒரு பெருங்கேடும் ஒளிந்திருந்தது. கயிற்றை இழுப்பவர் இல்லையேல் மணி ஒலிக்கலாகாதன்றோ? ஆகவே காயம் இருந்தால் வலி இருக்கவேண்டும். காயம் ஆறினால் வலியும் அகலவேண்டும். காயமின்றி வலியென்பான் பொய்யன் அல்லது பித்தன் என்ற முடிவு தானே பிறந்தது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு இம்முடிவே வைத்தியசாலைகளில் செங்கோல் செலுத்திற்று.

போர்க்களம் புகட்டிய பாடம்

இரண்டாம் உலகப் பெரும்போரின்போது, 1944-ஆம் ஆண்டு ஜனவரியில் நேச நாட்டுப் படைகள் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் இறங்கின. அப்போர்முனையில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹென்றி பீச்சர் என்னும் மயக்க மருந்து வைத்தியர் பணியாற்றினார். கடுங்காயமுற்ற 215 போர்வீரரை அவர் நேரில் வினவி, 1946-இல் தம் ஆராய்ச்சியைப் பிரசுரித்தார். எலும்பு நொறுங்கியவரும் வயிறு கிழிந்தவரும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் அவருட் பெரும்பாலோர் வலிமருந்து வேண்டுமளவுக்குத் தமக்கு வலியில்லை என்று விடையிறுத்தனர்!

பிற்காலத்தில் பாஸ்டன் நகரில் அறுவைச் சிகிச்சை பெற்ற சாதாரண மக்களை அவர் வினவியபோது, அவர்களுடைய காயம் சிறிதாயிருந்தும் மிகப் பலர் மருந்தை வேண்டினர். பீச்சர் இதற்குக் கூறிய விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. வீரனுக்குக் காயம் என்பது போர்க்களத்தினின்று விடுதலை. உயிரோடு வீடு திரும்ப ஒரு சீட்டு. நகரவாசிக்கோ அறுவை என்பது வாழ்வில் நேர்ந்த ஓர் இடி. வலியின் அளவு காயத்தை மட்டும் பொறுத்ததன்று. அக்காயத்துக்கு மனிதன் கொள்ளும் பொருளையும் பொறுத்தது. டெக்கார்டின் மணிக்கயிறு இங்கே அறுந்தது.

அறுந்த கயிற்றுக்கு ஈடாக வேறொரு விளக்கம் 1965-ஆம் ஆண்டில் வந்தது. கானடா நாட்டு ரானல்டு மெல்சாக் என்பாரும் இங்கிலாந்து நாட்டுப் பாட்ரிக் வால் என்பாரும் ‘சயன்ஸ்’ என்னும் பத்திரிகையில் வாயில் கொள்கையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு வாயிலைப் போன்ற அமைப்பு உண்டென்றும், கீழிருந்து வரும் செய்திகளை அது சிலபோது பெருக்கியும் சிலபோது தடுத்தும் அனுப்புகின்றதென்றும், மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லவை என்றும் அவர்கள் கூறினர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் சில பிற்கால ஆராய்ச்சியால் திருத்தப்பட்டன. ஆனால் அச்சம், கவனம், நம்பிக்கை ஆகியவை வலியின்மேல் ஆட்சி செலுத்துவது நரம்பின் வழியாகவே நிகழும் உடற்றொழில் என்பது அன்றுமுதல் நிலைபெற்றது.

மல்லர் வைத்தியரானார்

வலியைத் தனித்ததொரு வைத்தியத் துறையாக நிறுவியவருள் முதல்வர் ஜான் பொனிக்கா. இவர் 1917-இல் இத்தாலியைச் சேர்ந்த பிலிக்குடி என்னும் சிறு தீவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். வைத்தியக் கல்விக்குப் பொருளில்லாமையால் மற்போர் மேடையேறிப் பொருள் ஈட்டினார். அம்மற்போரில் பட்ட அடிகள் வாழ்நாள் முழுதும் அவரைவிட்டு நீங்கா வலியாய் நின்றன. போர்க்காலத்தில் இராணுவ வைத்தியசாலையில் பணிபுரிந்தபோது, மருந்துக்கு அடங்காத வலியோடு வாடும் வீரரைக் கண்டார். ஒரு வைத்தியர் தனித்து நின்று இதனைத் தீர்த்தல் இயலாது. நரம்பு வல்லார், அறுவை வல்லார், மனோதத்துவ நிபுணர் முதலியோர் ஒருங்கு கூடி ஒரு நோயாளியை ஆராய்தல் வேண்டும் என்று உணர்ந்தார். 1953-இல் வலியின் சிகிச்சை பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னர் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில், பல துறையினர் கூடிய வலிச் சிகிச்சை நிலையத்தைத் தழைக்கச் செய்தார். உலக வலி ஆராய்ச்சிக் கழகம் 1973-இல் தோன்றுதற்கும் அவரே மூலவர்.

அதே சர்வகலாசாலையின் உடல் மறுசீரமைப்புப் பகுதியில் பணியாற்றிய மனோதத்துவ நிபுணர் வில்பர்ட் போர்டைஸ் ஓர் எளிய உண்மையைக் கண்டுபிடித்தார். எளியதாயினும் அதுவரை எவர் கண்ணிலும் படாதது. “வலிக்கும்வரை பயிற்சி செய், வலித்தால் ஓய்வு கொள், வலித்தால் மருந்து கேள்” என்பதே அக்கால வைத்தியசாலை வழக்கம். இவ்வழக்கத்தில் ஓய்வும் மருந்தும் பரிவும் ஆகிய யாவும் வலிக்குப் பரிசாக அமைகின்றன. நடந்தவனை நோக்குவாரில்லை, முனகியவனைச் சூழ்ந்து எல்லாரும் நிற்கின்றனர். நோயாளி வஞ்சகன் அல்லன். பரிசளித்த வழியிலே எவ்வுயிரும் செல்லுதல் இயற்கை.

ஆகவே போர்டைஸ் முறையைத் தலைகீழாக மாற்றினார். நோயாளியால் எளிதில் இயன்ற அளவுக்குச் சற்றுக் குறைவாக முதல்நாள் பயிற்சி விதிக்கப்பட்டது. வலித்தாலும் வலிக்காவிடினும் அந்த அளவை முடிக்கவேண்டும், முடித்தபின்பே ஓய்வு. நாள்தோறும் அளவு சிறிது சிறிதாக உயரும். மருந்து கேட்டபோதன்றிக் கடிகாரம் பார்த்துக் கொடுக்கப்பட்டு, படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நடந்த தூரம் வரைபடத்தில் குறிக்கப்பட்டது. தாதியர் அதனைப் பார்த்துப் பாராட்டினர். மனைவி மக்களுக்கும் இம்முறை கற்பிக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிக்கல் ஆயிற்று. வலியை முற்றும் ஒழிப்பேன் என்று அவர் வாக்களிக்கவில்லை. வலியோடும் வாழ்வை மீட்கலாம் என்றார்.

எண்ணத்தின் ஆட்சி

போர்டைஸ் திருத்தியது நடத்தையை. எண்ணத்தைத் திருத்தும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் பணியாற்றிய ஆரன் பெக், முதலில் பிராய்டின் மனப்பகுப்பு முறையைப் பின்பற்றியவர். மனச்சோர்வுற்றோர் தம்மேலேயே பகைமை கொண்டவர் என்னும் கொள்கையை மெய்ப்பிக்க எண்ணி, அவர்களுடைய கனவுகளை ஆராய்ந்தார். கிடைத்த சான்றோ கொள்கைக்கு மாறாக நின்றது. அக்கனவுகளில் தோல்வியும் இழப்புமே மிகுந்திருந்தன. விழித்திருக்கும்போதும் “நான் பயனற்றவன், இனி எனக்கு விடிவில்லை” என்னும் எண்ணங்கள், அழையாத விருந்தினரைப் போல அவர்கள் உள்ளத்தில் நுழைந்தன. கொள்கையைக் காப்பதற்காகச் சான்றை மறைக்காமல், சான்றுக்காகக் கொள்கையைக் கைவிட்டார் பெக். இது பெரிதும் போற்றற்குரியது. 1960-க்குப் பின் அவர் வகுத்த முறையில், நோயாளியும் வைத்தியரும் ஒருங்கிருந்து, உள்ளத்தில் எழும் எண்ணத்தை ஒரு வழக்குப்போல் எடுத்துச் சான்று கேட்டு விசாரிப்பர். 2021-ஆம் ஆண்டில் தம் நூறாம் வயதில் பெக் மறைந்தார்.

பெக்குக்குச் சற்று முன்பே, 1955-இல், நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் இதனையொத்த ஒரு முறையைத் தொடங்கினார். தமக்கு வழிகாட்டியவருள் ஒருவராக எபிக்டெட்டஸ் என்னும் பழைய தத்துவ ஞானியை அவர் குறிப்பிட்டார். அவ்வெபிக்டெட்டஸ் யார்? ரோமாபுரியில் அடிமையாய் வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர். நிகழ்ச்சியைவிட அந்நிகழ்ச்சியைப் பற்றிய கருத்தே மனிதனைக் கலக்குகின்றது என்பது அவர் போதனையின் சாரம். ஊன்றி நடக்க இயலாத ஓர் அடிமையின் சிந்தனை, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்குப் பிறகு முடங்கியவரை நடக்கச் செய்யும் சிகிச்சைக்கு வித்தாயிற்று என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்றாகும்.

இரு ஓடைகளும் 1983-ஆம் ஆண்டில் கலந்தன. டென்னிஸ் டர்க், டொனால்டு மைக்கன்பாம், மைல்ஸ் ஜெனெஸ்ட் ஆகிய மூவரும் அவ்வாண்டில் வெளியிட்ட நூல், எண்ணத்தையும் நடத்தையையும் ஒருங்கே திருத்தும் முறையை வலிநோய்க்கு முழுமையாகப் பொருத்திக் காட்டிற்று. இதனை எண்ண நடத்தைச் சிகிச்சை என்று நாம் அழைக்கலாம். ஆங்கிலம் அறிந்தோர் சுருக்கமாக சி.பி.டி. என்பர்.

அச்சம் என்னும் விலங்கு

அதே 1983-இல் இங்கிலாந்தில் சில ஆராய்ச்சியாளர், வலியினும் வலிக்கு அஞ்சுதலே மனிதனை முடக்குகின்றது என்று எழுதினர். அக்காலத்தில் முதுகுவலிக்கு வைத்தியர் விதித்த மருந்து படுக்கையே. 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தில் 203 நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு சாராரை இரண்டு நாளும் மற்றொரு சாராரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் என்று சொல்லப்பட்டவர் இழந்த வேலைநாட்கள் 45 சதவிகிதம் குறைவு. ஏழு நாள் ஓய்வால் ஒரு நன்மையும் காணப்படவில்லை. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபைத் தொழிலாளரிடையே நடந்த மற்றொரு சோதனையில், படுக்கையில் கிடந்தோரைவிட, இயன்றவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர்.

இவற்றையெல்லாம் இணைத்து, நெதர்லாந்தில் பணியாற்றிய யோகன் விளாயனும் சுவீடனில் பணியாற்றிய ஸ்டீவன் லிண்டனும் 2000-ஆம் ஆண்டில் அச்சச் சுழலை விளக்கினர். அடிபட்டவன் “குனிந்தால் முதுகு முறிந்துபோம்” என்று எண்ணுகிறான், எண்ணவே அஞ்சுகிறான், அஞ்சியவன் அசையாதிருக்கிறான், அசையாத தசை மெலிகிறது, மெலிந்த தசை சிறிது அசைந்தாலும் நோகிறது, நோவு அச்சத்தை மெய்யென்று உறுதிப்படுத்துகிறது. செக்கு மாடு போல் அவன் இவ்வட்டத்திலேயே சுற்றுகிறான்.

இச்சுழலினின்று மீட்கும் வழியையும் அவர்கள் வகுத்தனர். அன்றாட வேலைகளின் புகைப்படங்களை நோயாளியிடம் தந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அச்சம் தருகின்றதென்று பூச்சியம் முதல் நூறு வரையுள்ள அச்சமானியில் வரிசைப்படுத்தச் சொல்வர். பின்னர், மிகக் குறைந்த அச்சம் தரும் செயலை முதலில் செய்யச் சொல்வர். செய்யுமுன் “என்ன நேரும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்பர், செய்தபின் “என்ன நேர்ந்தது?” என்று கேட்பர். முறியும் என்ற முதுகு முறியவில்லை. ஆயிரம் உபதேசம் அகற்றாத அச்சத்தை இவ்வொரு சோதனை அசைத்துவிடுகிறது. அடுத்த நாள் அடுத்த படி.

இதனோடு மிதமாய் உழைக்கும் பழக்கத்தையும் கற்பிப்பர். நாட்பட்ட வலியுள்ளோர் பலர், வலி குறைந்த நாளில் விட்ட வேலையெல்லாம் ஒரே மூச்சில் செய்து, மறுநாள் முதல் மூன்று நாள் படுத்துவிடுவர். அதனை நிறுத்தி, நல்ல நாளாயினும் தீய நாளாயினும் பத்து நிமிஷ நடை என்றால் பத்து நிமிஷமே என வரையறுத்து, வாரந்தோறும் சிறிது உயர்த்துவர். தூக்கத்தை ஒழுங்குபடுத்தல், மூச்சைச் சீராக்கித் தசையைத் தளர்த்துதல், வலி மீண்டும் மிகுந்தால் செய்யவேண்டுவதை முன்கூட்டியே எழுதிவைத்தல் ஆகியவையும் இதன் அங்கங்களாம்.

கருவியும் ஆயுதமும்

நிற்க. இவ்வறிவைத் தவறாகக் கையாண்டோரும் உளர். ஸ்காட்லாந்து நாட்டு எலும்பு வைத்தியர் கார்டன் வாடல், உடற்காயத்தால் மட்டும் விளக்க முடியாத சில குறிகளை முதுகுவலி நோயாளரிடம் கண்டு 1980-இல் வெளியிட்டார். அக்குறி காணப்பட்டால், அந்நோயாளியின் மனத்துயரையும் விசாரித்தறிதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆனால் நஷ்டஈட்டு வழக்குகளில் அக்குறிகளையே சான்றாகக் காட்டி, “இவன் நடிக்கிறான்” என்று வாதித்தோர் பலர். 1998-இல் கிரிஸ் மெயின் என்பாரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் வாடல் இதனைக் கண்டித்தார். அக்குறிகள் பொய்யனைப் பிடிக்கும் பொறியல்ல என்று தெளிவுபடுத்தினார்.

இவ்விடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். எண்ணம் வலியைப் பெருக்கும் என்பது உண்மை. ஆதலின் வலி வெறும் எண்ணமே என்பது பொய். முன்னது நோயாளிக்குக் கை கொடுக்கும் கருவி. பின்னது அவனைத் தள்ளிவிடும் ஆயுதம். தாங்க முடியாத சுமையையும் வழுக்கும் பாதையையும் பழுதுற்ற ஏணியையும் திருத்தாமல், தொழிலாளியின் எண்ணத்தை மட்டும் திருத்தப் புகுவது சிகிச்சையாகாது.

பயனும் வரம்பும்

இச்சிகிச்சையின் பயன் எவ்வளவு? 2010-இல் இங்கிலாந்தில் 701 முதுகுவலி நோயாளரிடம் செய்த பெருஞ்சோதனை ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. எல்லாருக்கும் நல்ல ஆலோசனை தரப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு மட்டும் அதனோடு ஆறு குழு வகுப்புகள் வரை நடத்தப்பட்டன. ஓராண்டுக்குப் பின்னும் வகுப்பிற் சேர்ந்தோரே மேலான நிலையில் இருந்தனர். இவ்வகுப்புகளை மனோதத்துவ நிபுணர் மட்டுமன்றி, பயிற்சி பெற்ற தாதியரும் பிசியோதெரபி செய்வோரும் நடத்தினர் என்பது கருதத்தக்கது. பெருஞ்செலவின்றிப் பலருக்கும் இது எட்டும் என்பதற்கு அது சான்று.

எனினும் மிகைபடக் கூறுதல் நமக்கு வேண்டா. உலகெங்கும் செய்த 75 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பீடு 2020-இல் வெளிவந்தது. 9,000-க்கு மேற்பட்டோர் அச்சோதனைகளில் பங்குகொண்டிருந்தனர். வலியும் முடக்கமும் மனத்துயரும் குறைகின்றன. ஆனால் குறையும் அளவு சராசரியில் சிறிதே என்பது அதன் தீர்ப்பு. இது மந்திரக்கோல் அன்று, ஊன்றுகோல். ஊன்றுகோலைத் தூக்கியெறிவார் யார்?

நாட்டு மக்கள் அனைவர்க்கும் இவ்வறிவைப் புகட்டிப் பயன் கண்டோரும் உளர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 1997 முதல் 1999 வரை, முதுகுவலிக்கு அஞ்சிப் படுத்துவிடாதீர் என்று தொலைக்காட்சி வாயிலாகப் பிரசாரம் செய்தனர். பொதுமக்கள் கருத்தும் வைத்தியர் கருத்தும் மாறின; முதுகுவலிக்கான நஷ்டஈட்டு விண்ணப்பங்களும் குறைந்தன.

மலேசிய நாட்டிலும் இவ்விளக்கு ஏற்றப்பட்டுள்ளது. செலாயாங் மருத்துவமனையில் ‘மெனாங்’ என்னும் பெயரோடு, இரண்டு வார எண்ண நடத்தைப் பயிற்சி நடத்தப்பட்டது. வெற்றி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லை அதற்குப் பெயராக இட்டமை மிகப் பொருத்தமே. 70 நோயாளரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2012-இல் முடிவு வெளியிடப்பட்டது. வலியும் முடக்கமும் குறைந்ததோடு, அப்பயன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது. இம்முறை மேனாட்டார்க்கே உரியது, நம்மவர்க்கு ஒவ்வாது என்பார் கூற்று இதனால் தகர்ந்தது.

நாம் செய்யவேண்டுவது

ஓர் எச்சரிக்கை கூறல் நம் கடன். முதுகுவலியோடு தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை அல்லது கழியாமை, கால் வலுவிழத்தல், காய்ச்சல் ஆகியவை தோன்றினால், எண்ணத்தைப் பற்றி ஆராய்ந்து காலங்கடத்தலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வைத்தியர் முதலில் உடலை ஆராய்ந்து, அசைவதால் ஆபத்தில்லை என்று சொல்லிய பின்பே பயிற்சி தொடங்கவேண்டும்.

அதன் பிறகு வேண்டுவன மூன்று. நோயாளி, தன் அச்சத்தைச் சிறிது சிறிதாகச் சோதித்துப் பார்க்கத் துணிதல் வேண்டும். வீட்டார், தண்ணீர்ச் செம்பைக்கூட அவன் கைக்கு எட்டக் கொண்டுவந்து வைக்கும் பரிவைக் குறைத்து, அவன் எழுந்து எடுக்கும்போது மகிழ்ச்சி காட்டுதல் வேண்டும். கிராணிமாரும் மண்டோர்மாரும், திரும்பி வந்தவனுக்கு முதல்நாளே முழுச்சுமை ஏற்றாமல், படிப்படியாய் வேலை தருதல் வேண்டும். வேலைக்கள்ளன் என்னும் சொல்லை நாவினின்று அகற்றுதல் இம்மூவர்க்கும் அப்பால் ஊரார் அனைவர் கடமை.

மணிக்கயிறு அறுந்து எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வலிக்கிறது என்பவனை நம்புவதில் சிகிச்சை தொடங்குகிறது. நம்பப்பட்டவனே தன் காலையும் நம்பி ஊன்றுவான்.